அறுபத்து நான்கு கணக்கெடுப்பு ஆண்டல்ல

கம்போங் லெங்குவாஸ், 1931:
மலாய்க்காரர் நாற்பத்தொன்று, போயான்காரர் பதினேழு,
சீனர் இருபத்தாறு, இந்தியர் ஐந்து.
பின்னொரு தாளில் போயான்காரர் யாருமே இல்லை.
செத்துப்போகவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை.
மேசையில் யாரோ ஒரு கோட்டை அழித்திருந்தார்,
பதினேழு பேர் தூக்கத்திலேயே அடுத்த கட்டத்துக்குப் புரண்டுவிட்டார்கள்.

1957இல் எண்ணியவன் நான்.
பத்தொன்பது வயது, அரசாங்கப் பென்சில்.
தெரிந்த நாய்களே பையைப் பார்த்துக் குரைத்தன.
வைரக்கண்ணு மகன்தானே என்று விடாமல்
தியோ கிம் ஹுவாட் நாற்காலி போட்டார்.
வீட்டில் எத்தனை பேர் என்றேன்.
"ஏழு" என்றவர் வேலிக்கு அப்பால் பார்த்தார்.
"எட்டுன்னு போட்டுடாதே."

வேலிக்கு அப்பால் மாட் ராயிஸ் வீடு.
ஆறு வயதுக்காரி ஒருத்தி
கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தாள்.
சல்பியா.
தியோவின் நெற்றி, தியோவின் மடங்கிய இடக்காது.
சாமியாடி ஏதோ சொல்லப்போய்,
பிறந்த எட்டாம் நாள் வேலி தாண்டிய பிள்ளை.
மலாய்க்காரர் கட்டத்தில் ஒரு குச்சி போட்டேன்.
பென்சில் தயங்கவில்லை. நானும்தான்.

அறுபத்து நான்கு. ஜூலையில் ஊரடங்கு, செப்டம்பரில் மறுபடி.
எங்கள் தடத்தில் ஒரு கல்கூட விழவில்லை.
கல் விழாத ஊரிலும் தூக்கம் போயிற்று.
கேலாங் சிராயில் ஒரு சீனக் குடும்பம்
இந்தப் பக்கம் வீடு தேடுகிறதாம்.
பத்திரம் கிடையாது, சாவிக்குச் சாவி.
கோழிகளை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

லாரி தியோவுடையது. கங்கோங் கீரை வாடை.
சீனக் கடைகள் நின்ற சாலை முழுக்கத் தியோ ஓட்டினார்,
மாட் ராயிஸ் பின்னால், தார்ப்பாயின் கீழ்.
பாலத்தில் நிறுத்தி இடம் மாறிக்கொண்டார்கள்.
அங்கிருந்து மாட் ராயிஸ் ஓட்டினார்,
லாரியே ஓட்டிப் பழகாதவர், முதல் கியரிலேயே,
தியோ தார்ப்பாயின் கீழ்.
சல்பியா இரண்டு தடவையும் முன்சீட்டின் நடுவில்.
கண்ணை மூடிக்கொள் என்றார்களாம்.
"எந்த அப்பா ஓட்டுறாருன்னு
கியர் சத்தமே சொல்லிடுச்சு" என்றாள், வெகுநாள் கழித்து.

1970இல் மறுபடியும் என்னையே அனுப்பினார்கள்.
மலாய்க்காரர் பதினொன்று, சீனர் எண்பத்து நான்கு,
இந்தியர் ஆறு, என்னையும் சேர்த்து.
மேலதிகாரி மலாய்க்காரர் வரிசையில் விரல் வைத்து, ஏன் என்றார்.
குறிப்பு எழுத ஓர் அங்குலம் இடம்.
'இடப்பெயர்வு' என்று எழுதினேன்.
லாரி அதற்குள் நுழையவில்லை.

எழுபத்தெட்டில் கடிதம், பிறகு புல்டோசர்.
எண்பதில் ஊர்ப்பெயரே பட்டியலில் இல்லை,
ஆகவே பூஜ்யம் என்றும் எழுதவில்லை.

தொண்ணூற்று மூன்றில் என் வீட்டை விலைக்கு வைத்தேன். ஏழாம் மாடி.
அதே புளோக்கின் நான்காம் மாடியில் தியோ,
பக்கவாதம், வலக்கை மட்டும் அசையும்.
வாங்க வந்தவள் சல்பியா.
சமையலறையைப் பார்க்கவில்லை, விலையைக் குறைக்கவில்லை.
மின்தூக்கி எந்தெந்த மாடியில் நிற்கும் என்று கேட்டாள்.

வீடமைப்புக் கழகத்தில் ஒரு இளம்பெண்
திரையைப் பார்த்தபடி சொன்னாள்:
இந்த புளோக்கில் மலாய்க்காரர் விகிதம் நிரம்பிவிட்டது,
வேறு இனத்தவருக்குத்தான் விற்கலாம்.
சல்பியா தியோவின் நெற்றியோடு அவளைப் பார்த்தாள்.
"எட்டு நாள் நான் வேற கட்டத்துல இருந்தேன்,
அது செல்லுமா?"
மலாயில்தான் கேட்டாள்.
அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.
நான் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வந்தாள்,
டப்பாவில் மீன் கஞ்சியோடு.
மின்தூக்கி ஐந்தில்தான் நிற்கும்.
ஒரு மாடி படியில் இறங்கிப் போவாள்.